கவுண்டி சுகாதார அதிகாரியின் அவசர உத்தரவு: 2021 சட்டங்கள் எங்கே இடறுகின்றன? அனுபவப் பகிர்வு

அமெரிக்காவில் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), நகர அளவில் போடும் அவசர சுகாதார உத்தரவுகளுக்குச் சில மாநிலங்கள் 2021-ல் சட்டம் மூலம் வரம்பு விதித்தன. அந்த மாநிலங்களில் களத்தில் இருப்பவர்களின் குறிப்புகள் இவை.

ஒஹாயோவிலிருந்து

இங்கே முதலில் படிக்க வேண்டியது செனட் மசோதா 22. கவர்னர் மைக் டிவைன் 2021 மார்ச் 23 அன்று அதை வீட்டோ செய்தார், அதாவது ஒப்புதல் தர மறுத்தார். மறுநாளே சட்டமன்றம் வீட்டோவை முறியடித்துவிட்டது. ஜூன் 23 முதல் நடப்பில் இருக்கிறது. கவர்னருக்கும் சட்டமன்றத்துக்கும் நடந்த இழுபறிதான் செய்தியானது. களத்தில் இருப்பவர்களைத் தொடும் பகுதி வேறு. உள்ளூர் சுகாதார வாரியம் போடும் தனிமைப்படுத்தல் உத்தரவு, மருத்துவ ரீதியாக நோய் கண்டறியப்பட்டவருக்கும் அவரோடு நேரடித் தொடர்பில் இருந்தவருக்கும் மட்டுமே செல்லுபடியாகும். "இந்தப் பகுதியில் தடுப்பூசி போடாத பிள்ளைகள் அனைவரும்" என்று பொதுவாக எழுதினால் உத்தரவு சட்டப்படி நிற்காது.

தட்டம்மை வந்தால் இது எவ்வளவு கடினம் என்று தெரியும். உடலில் தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பே அது தொற்ற ஆரம்பித்துவிடும். நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை வைரஸ் இருக்கலாம். கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காத குழந்தைக்கும் நோய் வரலாம். அந்தக் குழந்தைக்கு "நேரடித் தொடர்பு" இருந்தது என்று காகிதத்தில் காட்ட வேண்டியது வாரியம்தான். 2022 நவம்பரில் வெளிப்பட்டு 2023 பிப்ரவரியில் முடிந்த கொலம்பஸ் பரவலில் 85 பேருக்கு நோய் வந்தது. பெரும்பாலோர் தடுப்பூசி போடாத சிறு பிள்ளைகள். அந்த அளவுக்குப் பரவினால் தொடர்புப் பட்டியல் எவ்வளவு நீளும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதனால் ஆளுக்கு ஒரு உத்தரவு எழுதுவதே பாதுகாப்பு. பெயர், எந்த நோய், எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இருந்தார், உத்தரவு முடியும் தேதி, மறுப்புத் தெரிவிக்க யாரை அணுகுவது: இத்தனையும் அதில் இருக்க வேண்டும். தட்டம்மைக்குத் தனிமைக் காலம் கடைசித் தொடர்பிலிருந்து 21 நாள். கிளினிக்கின் வருகைப் பதிவேட்டை முதல் நாளே வாங்கிவிடுங்கள், நேரத்துக்கு அதுதான் சாட்சி. பலர் பிசிஆர் ஆய்வகப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்து நாளைத் தொலைக்கிறார்கள். சட்டத்தில் இருப்பது "மருத்துவ ரீதியாகக் கண்டறியப்பட்ட" என்ற சொல்தான். மருத்துவரின் எழுத்துபூர்வமான நோயறிதலே போதுமா என்று வாரியத்தின் வழக்கறிஞரிடம், பரவல் எதுவும் இல்லாத காலத்திலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கவுண்டி வாரியத்துக்கு அந்த வழக்கறிஞர் கவுண்டி பிராசிக்யூட்டர் (கவுண்டியின் அரசு வழக்கறிஞர்), நகர வாரியத்துக்கு நகரச் சட்ட இயக்குநர்.

இண்டியானாவிலிருந்து

எங்கள் செனட் சட்டம் 5-ம் இதே வழியில்தான் வந்தது. கவர்னர் எரிக் ஹோல்கோம்ப் வீட்டோ செய்தார், 2021 மே 10 அன்று அது முறியடிக்கப்பட்டது. அவசரநிலைக் காலத்தில் கவர்னரின் உத்தரவைவிடக் கடுமையாக உள்ளூரில் எதைப் போட்டாலும் கவுண்டியின் சட்டமியற்றும் அவை ஒப்புதல் தர வேண்டும். பெரும்பாலான கவுண்டிகளில் அது 3 கமிஷனர்கள். இண்டியானாபொலிஸ் இருக்கும் மேரியன் கவுண்டியில் நகர-கவுண்டி கவுன்சில்.

பலர் கவனிக்காத இடம் கூட்ட அறிவிப்பு. திறந்த கூட்டச் சட்டப்படி 48 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும், அதில் சனி, ஞாயிறு, விடுமுறை நாள் கணக்கில் வராது. வெள்ளி மாலை 5 மணிக்கு அறிவிப்பு ஒட்டினால் செவ்வாய் மாலை 5 மணிக்குத்தான் கூட முடியும். தொற்று நான்கு நாள் ஓடிவிடும்! உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்றால் அந்த 48 மணி நேரத்திலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பிரிவைச் சொல்லிக் கூட்டம் கேட்கும் கடிதத்தின் மாதிரியைக் கமிஷனர்களின் அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

புளோரிடாவிலிருந்து

இங்கே கவுண்டி சுகாதாரத் துறைகள் மாநிலத்தின் கீழ் இருப்பதால் கட்டுப்பாடு விழுந்தது கவுண்டி, நகர நிர்வாகங்கள் மேல். செனட் மசோதா 2006-ல் கவர்னர் டிசாண்டிஸ் 2021 மே 3 அன்று கையெழுத்திட்டார். உள்ளூர் அவசர உத்தரவு 7 நாளில் தானாகவே காலாவதியாகும். நிர்வாகக் குழு பெரும்பான்மை வாக்கில் 7 நாள் 7 நாளாக நீட்டிக்கலாம், மொத்தம் 42 நாளைத் தாண்டக் கூடாது. முடிந்த பிறகு அதே சாரத்தில் இன்னொரு உத்தரவும் போட முடியாது. சூறாவளி போன்ற வானிலை அவசரங்களுக்கு இந்தக் கணக்கு இல்லை.

குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடும் ஊரில், முதல் உத்தரவு போடும் அன்றே அடுத்த ஐந்து வாக்கெடுப்புத் தேதிகளையும் குறித்துவிட வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் உத்தரவு செத்துவிடும். 42 நாள் என்பது தட்டம்மையின் 21 நாள் காலத்துக்கு இரண்டு சுற்றுதான். புதிய நோயாளி வந்துகொண்டே இருந்தால் அது போதாது, இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

கான்சஸிலிருந்து, சுருக்கமாக

2021-ன் செனட் மசோதா 40-படி, உத்தரவால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டால் 72 மணி நேரத்துக்குள் நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். உத்தரவு நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே இருக்கிறது, இருப்பதிலேயே குறைந்த கட்டுப்பாடும் இதுதான் என்று நிரூபித்தால்தான் அது தப்பும். ஆகவே எந்தெந்த மாற்று வழிகளைப் பரிசீலித்தோம், ஏன் விட்டோம் என்பதை உத்தரவோடு சேர்த்தே எழுதுங்கள். வழக்கு வந்த பிறகு எழுத நேரம் கிடைக்காது.

ஒஹாயோவிலிருந்து மறுபடியும்

கான்சஸ் நண்பர் சொன்ன 72 மணி நேரத்தில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். தட்டம்மைத் தொடர்புக்குப் பிறகு எம்எம்ஆர் ஊசி (தட்டம்மைத் தடுப்பூசி) பயன் தருவதும் முதல் 72 மணி நேரத்துக்குள்தான். ஊசி போட முடியாத கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரத மருந்து) கொடுக்க 6 நாள் வரை நேரம் உண்டு. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி ஊசிக்கு அழைக்க எந்த உத்தரவும் தேவையில்லை, இந்தச் சட்டங்கள் எதுவும் அதைத் தடுக்கவும் இல்லை. அழைப்பை ஒரு செவிலியர் முதல் நாளே தொடங்கட்டும், உத்தரவுக் காகிதத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.