முதல் பீருக்கு டப்பாவா, பார்லியா?

தோபாயோ தம்பி: சிங்கப்பூரில் வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. முதல்முறையாக பீர் காய்ச்சப் போகிறேன். வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் வேண்டாம், விற்கக்கூடாது, சாராயம் வடிக்கக்கூடாது என்பது வரை படித்துவிட்டேன். மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த பாகு, டப்பாவில் வாங்கவா, பார்லியிலிருந்தே தொடங்கவா?

மொந்தை: டப்பாதான், தம்பி. முதல் தடவை பழக வேண்டியது சுத்தம். வாளி, மூடி, குழாய், கரண்டி எல்லாம் கிருமிநீக்கியில் நனைந்தே ஆக வேண்டும். இதோடு பார்லி ஊறவைப்பதையும் தலையில் கட்டினால், எங்கே சறுக்கியது என்றே தெரியாது.

உமிக்காரி: எனக்கு ஒப்பவில்லை. கடை மாவில் இட்லி ஊற்றுகிறவருக்கு மாவின் பதம் எங்கே பிடிபடும்? டப்பா சொதப்பினால் 23 லிட்டரும் சாக்கடைக்குத்தான். ஒரு பெரிய பானை, துணிப்பை, ஒரு கிலோ உடைத்த மால்ட் பார்லி போதும். 4 லிட்டர் பீர் வரும். 66 டிகிரி வெந்நீரில் பை ஒரு மணி நேரம் ஊற வேண்டும். முதலில் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும். போகப் போகத் தெளியும். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் பாயசம்! மாவுச்சத்து சர்க்கரையானதை நாக்கே சொல்லிவிடும். டப்பாவில் இது உண்டா?

மொந்தை: நாக்கு இனிக்கட்டும் அக்கா, பானை பொங்கி அடுப்பெல்லாம் பிசுபிசுத்தால் தம்பியின் அம்மா அடுத்த தடவை விடுவாரா?

குளிர்பெட்டி: ரெண்டு பேரும் ஊர் வெக்கையை மறந்துவிட்டீர்கள். என் முதல் டப்பா ஈஸ்ட்டுக்கு 18–20 டிகிரி வேண்டும்; என் சமையலறை 30. மூன்றே நாளில் பொங்கி அடங்கியது. வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்த வாடை. என் மச்சான் மட்டும் குடித்தான், அவன் எதையும் குடிப்பான். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, காலையும் மாலையும் ஐஸ் பாட்டில் மாற்றுங்கள். இல்லையா, நார்வேயின் க்வெய்க் ஈஸ்ட் வாங்குங்கள்; 35 டிகிரியிலும் முகம் சுளிக்காது.

உமிக்காரி: இதுவும் என் பக்கம்தான் பேசுகிறது. 4 லிட்டர் பாத்திரம் ஐஸ் பெட்டிக்குள் அடங்கும். 23 லிட்டர் வாளியை எங்கே வைப்பது?

மொந்தை: சரி, அளவில் மடக்கிவிட்டீர்கள். ஆனால் மால்ட் சாற்றை உலர்த்திய பொடி அரைக் கிலோவிலும் 4 லிட்டர் வருமே, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்தால்? ஊறவைக்கும் வேலை மிச்சம். எதில் காய்ச்சினாலும் தம்பி, குமிழி நின்றதை நம்பி பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் சர்க்கரையை அடர்த்தி வைத்துச் சொல்லும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டட்டும். அப்புறம் பாட்டிலில் நுரை பிடிக்க லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, அதற்குமேல் வேண்டாம். அவசரப்பட்டு அடைத்த என் பாட்டில்கள் நடுராத்திரி அலமாரிக்குள் வெடித்தன. கண்ணாடிச் சில்லு கதவில் குத்தி நின்றது.

தோபாயோ தம்பி: அப்போ முதலில் பார்லி ஒரு கிலோ, அடுத்து மால்ட் பொடி. ரெண்டையும் பார்த்துவிடுகிறேன். அக்கா, பைக்கு இட்லித் துணி ஆகுமா?

உமிக்காரி: சின்னது தம்பி, உமி பிதுங்கி வெளியே வரும். மெல்லிய வெள்ளைத் திரைச்சீலைத் துணி வாங்கி, பானை வாய்க்கு மேல் மடிகிற அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள்.