ஐடி வேலை: கொழும்புக்குப் போகணுமா, மட்டக்களப்பில் இருந்தே செய்யலாமா?

வாவிக்கரை:
ஐடி டிப்ளோமா முடியப்போகுது. கொழும்பில் ஆரம்பநிலை வேலைக்கு அறிவித்தலே குறைவு. வாறதிலும் இரண்டு வருட அனுபவம் கேக்கிறாங்க. ஏஐ வந்த பிறகு புதுசா நுழைய இடமிருக்கா அண்ணன்மாரே? ஊரில் இருந்தபடி வெளிநாட்டு வேலை செய்யலாமா?

கல்லடிப்பாலம்:
இடமிருக்கு தம்பி, வாசல்தான் ஒடுங்கிப் போச்சு. ஏஐ மட்டும் காரணமில்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 யூலைக்குள் 5.25–5.50 வீதத்துக்கு ஏற்றியது. மலிவுக் கடனை நம்பித் தொடங்கிய திட்டங்கள் நின்றன, அவற்றை வாங்கிச் செய்த இங்கத்தைய கொம்பனிகளுக்கும் வேலை குறைந்தது. அதுக்கு மேலே ஏஐ. ஃபோர்ம் கட்டுறது, சின்ன பிழை திருத்துறது என்று புதியவர்கள் கைபழகின வேலையெல்லாம் இப்ப சில நிமிடத்தில் முடியுது. 2025 யூலையில் இந்தியாவின் பெரிய ஐடி கொம்பனியான டிசிஎஸ் அறிவித்த 2 வீத ஆட்குறைப்பில் அடிபட்டது பெரும்பாலும் நடு, மேல்நிலை ஆட்கள். அனுபவம் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம்.

நெல்லுமூடை:
கோட் எழுதத் தெரியும் என்பதை இனி யாரும் பெரிசாக எடுக்க மாட்டாங்க. அது ஏன் உடையுது என்று சொல்லத் தெரியணும். பத்து டுட்டோரியல் புரொஜெக்டை விட ஒன்றை ஆழமாகச் செய்யுங்க. அம்பாறைப் பக்கம் நெல் கொள்வனவுக்கு ஒரு மென்பொருள் செய்வதே நல்ல பாடம்: மூடை எடை, ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டினால் கழிவு, முற்பணம், மீதி. ஏஐயிடம் கேட்டால் பணத்தை ஃபுளோட்டில் (தசமத்தை அண்ணளவாக வைக்கிற எண் வகை) வைத்துத் தரக்கூடும், சதக்கணக்கு பிசகும், துல்லியமாக வைக்கிற டெசிமலுக்கு மாற்றுங்க. இரண்டு எழுதுவினைஞர் ஒரே நேரத்தில் இருப்பைக் கழித்தால் ஒருவருடைய பதிவு மற்றவருடையதை அழித்துவிடும். ட்ரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லையேல் ஒன்றும் நடக்காது என்ற கட்டு) அட்டவணையின் அந்த வரிசையை, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் மாற்றாதபடி, பூட்ட வேண்டும். இந்தப் பிழையை வேண்டுமென்றே உண்டாக்கி, பிடிக்கிற டெஸ்டும் எழுதி, கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கருவி) வரலாற்றில் படிப்படியாக விடுங்க. நேர்முகத்தில் ஒரு மணித்தியாலம் பேச அது போதும். தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கிற எஸ்கியூஎல், சேர்வர்களில் ஓடுற லினக்ஸ் இரண்டையும் தவிர்க்க வழியில்லை.

மருதமுனைத்தறி:
வெளிநாட்டு வேலையை முதல் வேலையாகத் தேடாதீங்க தம்பி. புதியவருக்குப் பக்கத்தில் இருந்து கோட் பார்த்துத் திருத்துற ஆள் வேணும், திரைக்கு அப்பால் அது கிடைக்கிறது அபூர்வம். ஒன்றரை, இரண்டு வருடம் கொழும்பில் பழகிப்போட்டு வந்தால் ஊர் தாங்கும்.

வந்தபிறகு வரி. 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு, உச்சம் 15 வீதம். மாதம் 3 இலட்சம் ரூபாய் என்றால் வருடம் 36 இலட்சம். 18 இலட்சம் விலக்கு. மிச்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 8 இலட்சத்துக்கு 15 வீதம்: மொத்தம் 1,80,000. காசு வங்கி வழியாக வரவேண்டும். ஒப்பந்த வேலைக்கு இபிஎஃப், இடிஎஃப் (ஊழியருக்கான சேமிப்பு நிதிகள்) இல்லை. கொம்பனி அவற்றுக்குப் போடுகிற சம்பளத்தின் 12 வீதமும் 3 வீதமும் கிடைக்காமல் போகும் என்பதைக் கணக்கில் வைத்து விலை பேசுங்க.

வாவிக்கரை:
மாரியில் கரண்ட் போனால்?

மருதமுனைத்தறி:
ஃபைபர் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் (பற்றரி உள்ள சின்னப் பெட்டி) போதும். வாங்குமுன் அடப்டரில் எழுதியிருக்கிற வோல்ட், அம்பியரைப் பாருங்க. பெட்டியில் போட்டிருக்கிற 8800 எம்ஏஎச் (பற்றரிக் கொள்ளளவு) என்பது 3.7 வோல்ட் கணக்கில், அதாவது 32 வாட்-மணி; 10 வாட் இழுத்தால், இழப்புப் போக, இரண்டரை மணித்தியாலம் அளவில் நிற்கும். வேறு நெட்வேர்க்கின் மொபைல் இணைய டொங்கிள் ஒன்றும் வையுங்க. நீண்ட மின்தடையில் மொபைல் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும், அதனால் முடித்த கோடை அன்றன்றே சேர்வருக்கு அனுப்பி (புஷ் பண்ணி) வையுங்க.