மறு: 'சிக்கன நடவடிக்கை'க்கு மாற்றுச் சொல்

> நாளிதழ்களில் 'சிக்கன நடவடிக்கை' வேரூன்றிவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அரசு தன் கடனையும் பற்றாக்குறையையும் குறைக்கச் செலவை வெட்டி வரியை ஏற்றுவதற்கு (austerity) அந்தச் சொல் நாளிதழில் சரி, நம் பொருளியல் அகராதிக்கு வேண்டாம் என்பேன். சிக்கனம் தமிழில் நல்ல குணம். சொல்லும்போதே தீர்ப்பும் வந்துவிடுகிறது: ஊதாரி திருந்துகிறான், நல்லதுதானே! அமைச்சர்களின் விமானப் பயணத்தைக் குறைத்தாலும் சிக்கனம், கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்கத்தில் 2010 முதல் நடந்ததும் சிக்கனமா?

அங்கே 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586க்கு இறங்கியது. 25 வயது ஆகாதவர்களுக்கு 511தான். ஓய்வூதியத்திலும் திரும்பத் திரும்பக் கைவைத்தார்கள். ஆனால் ஒருவர் செலவுதானே இன்னொருவர் வரவு? அரசும் மக்களும் ஒரே நேரத்தில் கையை மடக்கியதும் கடைகள் படுத்தன, வரி வசூலுக்கான அடித்தளமும் சுருங்கியது. நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழக் கால்பங்கு கரைந்தது. 2009இல் அந்த உற்பத்தியில் 130 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த அரசுக் கடன், 2014இல் 175ஐத் தாண்டியிருந்தது. இத்தனைக்கும் கடன் கொடுத்த தனியார் 2012இல் பெரும் தொகையை விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

வெட்டினால் உற்பத்தி எவ்வளவு விழும் என்பதைக் கணிப்பாளர்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகப் பன்னாட்டு நிதியத்தின் (IMF) அன்றைய தலைமைப் பொருளியலாளர் பிளாஞ்சாரே 2013இல் எழுதினார். கிரேக்கத்துக்குக் கடன் தந்து, இந்த மருந்துச் சீட்டில் கையெழுத்திட்ட நிறுவனத்திலிருந்தே வந்த பேச்சு அது!

> அப்படியானால் நேராக 'செலவு வெட்டு' என்றே சொல்லலாமே?

பாதிதான் பொருந்தும். கிரேக்கத்தில் மதிப்புக் கூட்டு வரி 2010இல் மட்டும் இருமுறை ஏறி, 19 விழுக்காட்டிலிருந்து 23 ஆனது. வரியேற்றமும் இதில் அடக்கம். 'நிதி ஒடுக்கம்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வட்டியை அமுக்கிவைத்து அரசு தன் கடனைக் கரைக்கும் உத்திக்கு அதை விட்டுவைப்போம்.

என் பரிந்துரை 'வரவுசெலவு இறுக்கம்'. இரண்டு பக்கத்தையும் தொடுகிறது. மைய வங்கி வட்டியை ஏற்றிச் செய்யும் 'பண இறுக்க'த்துக்கு இணையாகவும் நிற்கும். கொஞ்சம் நீளம்தான், பழகினால் 'இறுக்க ஆண்டுகள்', 'இறுக்க எதிர்ப்பு' என்று தானே சுருங்கும்.

> லாட்வியா இறுக்கிப் பிடித்துத்தானே மீண்டது? உங்கள் சொல்லில் கழுத்தை நெரிக்கும் வாடை அடிக்கிறது.

2008-09 நெருக்கடியிலிருந்து மீண்டது, மறுக்கவில்லை. 2011இல் வளர்ச்சி கண்டது, 2014இல் யூரோ நாணயத்துக்கு மாறியது. ஆனால் 2007இல் அதன் அரசுக் கடன் உற்பத்தியில் 10 விழுக்காடுகூட இல்லை. கிரேக்கத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. வேலை தேடி நாட்டைவிட்டுப் போனவர்களும் ஏராளம். அப்புறம், இறுக்குவது எப்போதும் நெரிப்பதல்ல. தளர்ந்த திருகாணியை இறுக்கத்தான் வேண்டும். எந்த நேரத்தில், எவ்வளவு என்பதில்தானே சண்டையே? 'சிக்கனம்' அந்தச் சண்டைக்கு இடமே வைப்பதில்லை.

மறுப்பில்லை என்றால் 'வரவுசெலவு இறுக்கம்' என்பதைத் தலைச்சொல்லாக ஏற்றிவிட்டு, 'சிக்கன நடவடிக்கை'யை இதழ் வழக்கு என்று குறித்துவிடலாமா?