அஸ்பாரகஸ் வேர் அழுகுது, என்ன செய்யலாம்?

வணக்கம். சிங்கப்பூர்ல பீஷான் அங் மோ கியோ பூங்காவில 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் மேட்டுப்பாத்தி குத்தகைக்கு எடுத்திருக்கேன். விதை போட்டு 14 மாசம். வீட்டுக் காய்கறிக் கழிவுல செஞ்ச மக்கு உரம் மட்டும்தான். குருத்து ஊசி மாதிரி வருது. டிசம்பர் மழைக்கு அப்புறம் ஒன்னைத் தோண்டினா, வேர் பழுப்பேறி நசநசன்னு கையோட வந்திடுச்சு.

தாய்லாந்துல நாலஞ்சு தாய்த்தண்டை விட்டுட்டு, பக்கத்துல வர்ற குருத்தை மட்டும் அறுப்பாங்க. இங்க யாராவது அப்படிச் செஞ்சிருக்கீங்களா? மக்கு உரத்தோட மணல் எவ்வளவு கலக்கணும்? குத்தகையே 3 வருஷம்தான், புதுசா நட்டா அறுவடைக்குள்ள பாத்தியே போயிடும்!

ஊர்ல இதோட சொந்தக்காரி தண்ணீர்விட்டான் வேலியோரம் தானா வளரும். இது ரொம்பத்தான் பிகு பண்ணுது. மருந்து அடிக்க மட்டும் சொல்லாதீங்க, ப்ளீஸ்.