காம் 1, காம் 3 மோதல்: 2எஃப்8 ஜம்பர் உள்ள சீரியல் கார்டு எங்க கிடைக்கும்?

காசிமேட்டுல மீன் எடை போடுற கணினி. பழைய ஏ.டி வகை மதர்போர்டு, விண்டோஸ் 98. போர்டுல இருக்கிற காம் 2 (சீரியல் போர்ட், அதாவது மவுஸ், எடை மெஷின் மாதிரி கருவிங்களோட ஒயர் சொருகுற இடம்) எரிஞ்சு போச்சு. அதனால எடை மெஷின் ஐ.எஸ்.ஏ (பழைய வகை ஸ்லாட்) கார்டுல, காம் 3. மவுஸ் காம் 1. ரெண்டுக்குமே ஐ.ஆர்.க்யூ (கருவி ப்ராசஸரைக் கூப்பிடுற லைன்) 4, எடை வந்ததும் மவுஸ் அம்பு உறைஞ்சு நிக்குது.

கார்டு ஜம்பரை (செட்டிங் மாத்துற குட்டிச் செருகி) ஐ.ஆர்.க்யூ 5-க்கு மாத்தியாச்சு. பிசிஐ லேன் கார்டு அதைப் பிடுங்காம இருக்க பயாஸ்ல (கணினி ஆன் ஆகும்போது வர்ற செட்டப்) 5-ஐ லெகசி ஐ.எஸ்.ஏ-ன்னு வெச்சு, டிவைஸ் மேனேஜர்ல ஆட்டோமேட்டிக் செட்டிங்ஸ் டிக்கை எடுத்து 5 கொடுத்தாச்சு. மவுஸ் சரி. ஆனா டாஸ் எடை சாஃப்ட்வேர், காம் 3-ன்னா 4-தான்னு அடம்பிடிக்குது. திரையில வெறும் 0.

பயாஸ்ல காம் 2-ஐ அணைச்சுட்டு கார்டையே 2எஃப்8 (காம் 2-வோட முகவரி), ஐ.ஆர்.க்யூ 3-ல காம் 2 ஆக்கலாம். கையில இருக்கிற கார்டுல 3இ8, 2இ8 (காம் 3, காம் 4 முகவரிங்க) மட்டும்தான். 2எஃப்8 ஜம்பர் உள்ள பழைய கார்டு ரிச்சி தெருவுல கிடைக்குமா? யுஎஸ்பி கன்வெர்ட்டர் சொல்லாதீங்க, போர்டுல அந்த ஓட்டையே இல்ல.