சிப்பிப்பாறையும் சிறுவிடைக் கோழியும் ஒரே கொல்லையில்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் வீடு. கொல்லையில 8 சிறுவிடை மேயுது. இப்ப 7 மாசச் சிப்பிப்பாறை நாய் வந்திருக்கு. கோழி சிறகடிச்சாலே பாயுது. பழக்கிடலாமா?

பதில் 1: அண்ணே, அது கண்ணால வேட்டையாடுற இனம். ஓடுற கோழியே தூண்டில். முதல்ல பார்வையை மறைங்க: கூண்டைச் சுத்தி 3 அடிக்குத் தென்னங்கீத்துத் தட்டி. அறுகோணக் கோழிவலை கோழியை உள்ள வைக்கும், நாயைத் தடுக்காது, பல்லால பிச்சிரும். அரை இஞ்ச் வெல்டு மெஷ் (பத்தவச்ச கம்பிவலை) போடுங்க. செம்புறாங்கல் தரையில வலையைப் புதைக்க முடியலன்னா, 2 அடி அகல வலையை வெளிப்பக்கம் படுக்க விரிச்சு, கூண்டோட கட்டி, மேல கல் அடுக்குங்க. நாய் விளிம்புலதான் பறண்டும்.

பதில் 2: பழக்குறதுக்கு 6 அடிக் கயிறு, கோழியிலிருந்து 30 அடி தூரம். கோழியைப் பார்த்துட்டு உங்க பக்கம் திரும்பின அந்த நொடியே வேகவச்ச ஈரல் ஒரு துண்டு. 5 நிமிஷம், தினம் 2 வேளை. உடம்பு விறைச்சு, முன்னங்கால் ஒண்ணு தூக்கி நின்னா தூரம் பத்தலைன்னு அர்த்தம், பின்னால வாங்க. செத்த கோழியை நாய் கழுத்துல கட்டிப் பழக்குறது வீண் கொடுமை, வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: பழகின பிறகு சேர்ந்தாப்புல விடலாமா?

பதில் 2: ஆள் இல்லாம ஒருநாளும் வேண்டாம். நாய் உலாத்துற நேரம் கோழி கூண்டுல.