ஸ்கேன் பண்ணியாச்சுன்னா தாளை அழிக்கலாமா?

மில்_ஹெச்ஆர்:
நூற்பாலை. 1,200 தொழிலாளர், ஆளுக்குச் சுமார் 60 பக்கப் பணிக்கோப்பு, ஆக 72,000 பக்கம். எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்துவிட்டுத் தாளை எடைக்குப் போடலாம் என்பது என் கட்சி. பக்கத்துக்கு 50 கேபி, மொத்தமே 4 ஜிபிக்குள். மறுப்பவர்கள் வரலாம்.

பழையகோப்பு:
முதலில், எடைக்குப் போடாதீங்க. அந்தத் தாளில்தான் நாளைக்கு வடை மடிப்பாங்க, வங்கிக் கணக்கு எண்ணோடு. பொடியாக வெட்டித்தான் வெளியே போகணும்.

அடுத்தது கருப்பு வெள்ளை. நாமினேஷன் (வாரிசு நியமன) படிவத்துப் பெருவிரல் ரேகை அதில் வெறும் கரும்பொட்டாகிவிடும், பென்சில் திருத்தம் காணாமலே போகும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கலர், பிடிஎஃப்/ஏ (நீண்டகாலம் வைப்பதற்கான பிடிஎஃப் வகை). பக்கம் அரை எம்பி என்றாலும் 36 ஜிபிதான், ஒரு பென்டிரைவில் அடங்கும்.

ஜேபிக்2 என்ற கம்ப்ரஷன் (கோப்பின் அளவைச் சுருக்கும் முறை) வேண்டவே வேண்டாம். ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்துண்டை அது திரும்பத் திரும்ப ஒட்டும். 2013-ல் ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மெஷின்களில் 6 என்பது 8 ஆனது இப்படித்தான்; ஜெர்மன் கணினி ஆய்வாளர் டேவிட் கிரீசல் அதை வெளிக்கொண்டு வந்தார். பக்கம் பளிச்சென்று இருக்கும், பிஎஃப் எண் மட்டும் வேறாக இருக்கும்.

மில்_ஹெச்ஆர்:
கலருக்குச் சம்மதம். தாள் எதுக்கு? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 7-ஆம் பிரிவு மின்வடிவை ஏற்கிறதே.

லேபர்கோர்ட்:
வைத்திருக்க ஏற்கிறது சார். "ராஜினாமா கையெழுத்து என்னுது இல்லை" என்று ஒருவர் வழக்குப் போட்டால்? பேனா அழுத்தத்தை நிபுணர் மூலத்தில்தான் பார்ப்பார். ஸ்கேனை மட்டும் காட்டினால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் கணினிக் குறியீடு) நிபுணர் கையொப்பமும் உண்டு. ஸ்கேன் செய்த அன்றே எஸ்ஹெச்ஏ-256 முறையில் ஹாஷ் எடுத்துத் தனியாக வைக்கணும். வழக்கு வந்தபின் எடுக்கும் ஹாஷ், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்பதைக் காட்டாது.

நாமினேஷன், ராஜினாமா, செட்டில்மென்ட் ரசீது, சார்ஜ் ஷீட்டுக்கு (ஆலை தந்த குற்றச்சாட்டு) தொழிலாளர் தந்த பதில்: இந்த நாலும் தாளாகவே இருக்கட்டும்.

இன்டெக்ஸ்_ராணி:
தாளைப் பத்திச் சண்டை போடுறீங்க, தேடினா கிடைக்கணும் இல்லையா? கோப்புக்கு டோக்கன் எண்ணில் (ஆலை தரும் ஆள் எண்) பெயரிடாதீங்க, போனவர் டோக்கன் புதியவருக்கு வந்திருக்கும். 12 இலக்க யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) நல்லது. ஆனால் அது 2014-ல்தான் வந்தது, அதற்கு முன் விலகியவர்களுக்குப் பழைய பிஎஃப் எண்ணும் சேர்ந்த தேதியும் சேர்த்துப் போடணும். ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அச்சுத் தமிழை ஓரளவு படிக்கும், கையெழுத்தில் கவிழ்ந்துவிடும். பெயரையும் தேதியையும் இருவர் தனித்தனியே அடித்து ஒப்பிடுங்க.

ஸ்டேபிள் பின் ஒன்று உள்ளே போய்க் கண்ணாடியைக் கீறினால், அப்புறம் எல்லாப் பக்கத்திலும் நெடுக்கக் கோடு. வெற்றுப்பக்கத்தைத் தானாக நீக்கும் வசதியை அணைச்சிடுங்க, பின்பக்கம் மங்கிய கையெழுத்து மட்டும் இருந்தால் அதையும் வெற்று என்று தூக்கிடும்.

பழையகோப்பு:
ஆதார் நகலில் முதல் 8 இலக்கத்தை மறைக்கும்போதும் கவனம். பிடிஎஃப்பில் மேலே கருப்புக் கட்டம் வரைந்தால் அடியில் எண் அப்படியே இருக்கும்.

மில்_ஹெச்ஆர்:
நாலு வகைத் தாளையும் வைக்கிறேன். லீவு அட்டையும் பழைய ஷிப்ட் மாற்ற விண்ணப்பமும் கண்டிப்பாக வெட்டுக்குத்தான்.

லேபர்கோர்ட்:
நிலுவை வழக்கு உள்ளவர் லீவு அட்டையை மட்டும் முதலில் எடுத்து வைங்க. தொடர் பணி என்று காட்டத் தேவையான 240 நாள் வேலைக் கணக்கு அதில்தான் இருக்கு.